எட்டாவது குழிக்கு எந்த வாட்ச்? சீகோ, டிஸ்ஸோ, சிட்டிசன்

எட்டுக் குழிகள் கொண்ட மரப்பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஏழு நிரம்பிவிட்டன. ஐந்தில் எச்.எம்.டி வாட்ச்கள். ஆறாவதில் இப்போது தயாரிப்பில் இல்லாத சீகோ 5 எஸ்.என்.கே.809. ஏழாவதில் டைட்டன் எட்ஜ். ஓசூர்க்காரர்கள் 2002-இல் வெளியிட்ட அந்த மெல்லிய பேட்டரி வாட்ச்சின் தடிமன் 3.5 மில்லிமீட்டர்தான். எட்டாவது குழி மூன்று ஆண்டுகளாகக் காலியாகவே கிடக்கிறது. இந்த முறை பழையது வேண்டாம், கடையில் புதிதாக வாங்கும், பேட்டரி இல்லாமல் கையசைவிலேயே ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வாட்ச்தான் என்று முடிவு செய்தேன்.

ஏன் பழையது வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு இணையம் வழியாகக் கறுப்பு டயல் எச்.எம்.டி பைலட் ஒன்றை வாங்கினேன். படத்தில் புதிதுபோல் பளபளத்தது. கையில் வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது எழுத்துகள் தடித்து மை பரவியிருந்தது. நிமிடக் கோடுகள் ஒரு பக்கம் நெருங்கியும் மறுபக்கம் விலகியும் இருந்தன. பழைய டயலைச் சுரண்டிப் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். பின்மூடியைப் பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் அதன் எழுத்துகளில் பாதி அழிந்துவிட்டது. இந்த ஏமாற்று வேலைக்கு இன்று பெரிய சந்தையே இருக்கிறது. ஆரஞ்சு, கிளிப்பச்சை, ஊதா என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பழைய எச்.எம்.டி ஒன்று கண்ணில் பட்டால் முதலில் சந்தேகப்படுங்கள். 2016 ஜனவரியில் எச்.எம்.டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்த பிறகு, ஆசைப்படுகிறவர்கள் பெருகினார்கள். அவர்களோடு போலியும் பெருகியது.

ஆகவே புதியது. போட்டியில் மூன்று: 40 மில்லிமீட்டர் சீகோ 5 ஸ்போர்ட்ஸ் (எஸ்.ஆர்.பி.இ வரிசை), டிஸ்ஸோ பி.ஆர்.எக்ஸ் பவர்மேட்டிக் 80, சிட்டிசன் சுயோசா. சீகோவும் சிட்டிசனும் ஏறத்தாழ ஒரே விலைத் தட்டில் நிற்கின்றன. டிஸ்ஸோ அவற்றைப்போல் இரண்டு மடங்கு அளவில் இருக்கிறது.

டிஸ்ஸோவில் தொடங்குகிறேன், ஏனென்றால் மனம் முதலில் போனது அங்கேதான். 1978-இல் வந்த வடிவத்தை 2021-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். சிறு சிறு கட்டங்களாகப் பொறித்த அதன் நீல டயலை ஜன்னலோரம் மெல்லச் சாய்த்துப் பார்த்தால், ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பிலும் வெளிச்சம் தனித்தனியாக ஏறி இறங்குகிறது. இந்த விலையில் இப்படி ஒரு டயலை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. எளிதில் கீறல் விழாத சஃபையர் கண்ணாடி, 100 மீட்டர் நீர்த்தாங்கல், காந்தத்தால் எளிதில் பாதிக்கப்படாத நிவாக்ரான் ஸ்பிரிங் எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கழற்றி வைத்தாலும் 80 மணி நேரம் ஓடும் என்ற பெருமை.

அந்த 80 மணி நேரம் யாருக்குப் பயன்படும்? வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குக் கழற்றி வைத்துவிட்டுத் திங்கள் காலை 8 மணிக்கு எடுத்துக் கட்டுகிறவருக்கு நடுவில் 62 மணி நேரம். டிஸ்ஸோ ஓடிக்கொண்டிருக்கும்; 41 மணி நேரம் ஓடக்கூடிய சீகோ ஞாயிறு காலை 11 மணி வாக்கில் நின்றிருக்கும். வாட்ச் ஒன்றிரண்டு மட்டும் வைத்திருப்பவருக்கு இது பெரிய வசதி. என்னைப்போல் எட்டை மாற்றி மாற்றிக் கட்டுகிறவருக்கு ஒரு வாட்ச்சின் முறை திரும்பி வர ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் பேட்டரியில் ஓடும் எட்ஜைத் தவிர எல்லாமே நின்றுவிடும். இரண்டு மடங்கு பணம் கொடுத்து வாங்கும் அந்த 80 மணி நேரம் என் பெட்டிக்குள் வீணாகப்போகிறது.

இந்த 80 மணி நேரத்தை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. சுவிஸ் வாட்ச்களில் நெடுங்காலம் உழைத்த 2824 என்ற மெஷினை எடுத்து, மணிக்கு 28,800 துடிப்பை 21,600 ஆகக் குறைத்து, வாட்ச்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கை இன்னும் நீளமாக்கி உள்ளே வைத்தார்கள். கெட்டிக்கார வேலைதான். ஆனால் வாட்ச் வேகமாகவோ மெதுவாகவோ ஓடினால் மெக்கானிக் ஊசியால் தள்ளிச் சரிசெய்யும் சிறு நெம்புகோல் இதில் இல்லை. தொழிற்சாலையில், அங்குமிங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலை லேசரால் சரிப்படுத்தி அனுப்பிவிடுகிறார்கள். என் தெருமுனையில் நாற்பது ஆண்டுகளாகக் கண்ணில் லென்ஸ் மாட்டி உட்கார்ந்திருக்கும் பெரியவர் இதைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது நம்ம கைக்கு அடங்காது" என்று மூடிக் கொடுத்துவிடுவார். எனக்கு இது பெரிய குறை. வாட்ச் பிரியம் என்பதில் பாதி, அவர் மேசையருகே ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பதுதான்.

அளவையும் சொல்ல வேண்டும். என் மணிக்கட்டுச் சுற்றளவு 16 சென்டிமீட்டர். 40 மில்லிமீட்டர் பி.ஆர்.எக்ஸில் உடலிலிருந்து புறப்படும் செயினின் முதல் கண்ணி வளைந்து இறங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அளவு 40 என்று போட்டிருந்தாலும் கையில் அதைவிடப் பெரிதாகவே அமர்கிறது. 35 மில்லிமீட்டரில் வருவது எனக்கு அழகாகப் பொருந்தியது. சிறிய மணிக்கட்டுக்காரர்கள் விளம்பரப் படத்தை நம்பாமல் இரண்டையும் கட்டிப் பார்த்துவிட வேண்டும்.

சீகோ 5-இன் கதை 1963-இல் தொடங்குகிறது. ஆட்டோமேட்டிக், ஒரே ஜன்னலில் நாளும் தேதியும், நீர்த்தாங்கல், நான்கு மணி இடத்தில் ஒதுங்கியிருக்கும் சாவி, உறுதியான உடலும் செயினும் என்ற ஐந்து வாக்குறுதிகளே பெயரிலுள்ள 5. 2019-இல் புதுப்பித்தபோது 4ஆர்36 மெஷினை உள்ளே வைத்தார்கள். என்னிடமுள்ள பழைய சீகோவுக்குச் சாவி கொடுக்க முடியாது. குலுக்கித்தான் எழுப்ப வேண்டும். புதியதில் சாவியும் கொடுக்கலாம். சாவியை வெளியே இழுத்தால் வினாடி முள்ளும் நிற்கிறது. கையசைவில் சுழலும் எடைத் தகடான ரோட்டார் எந்தப் பக்கம் சுழன்றாலும் ஸ்பிரிங் ஏறும். 100 மீட்டர் நீர்த்தாங்கல் உண்டு. 20 மில்லிமீட்டர் ஸ்ட்ராப் எதுவும் பொருந்தும். சென்னை வியர்வையில் தோல் ஸ்ட்ராப் ஒரு கோடையைத் தாண்டுவதே பாடு என்பதால், நினைத்தபோது நைலானுக்கு மாறும் சுதந்திரம் எனக்கு முக்கியம்.

நாளொன்றுக்கு 45 வினாடி முந்தலாம், 35 வினாடி பிந்தலாம் என்பதே சீகோ தரும் கணக்கு. பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அதைவிட நன்றாகவே ஓடும், ஓடாவிட்டால் அந்த நெம்புகோல் இதில் இருக்கிறது. தெருமுனைப் பெரியவர் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். என் மனக்குறை ஹார்ட்லெக்ஸ் கண்ணாடிதான். கடினப்படுத்திய கனிமக் கண்ணாடி எளிதில் உடையாது, ஆனால் கீறல் விழும். என் பழைய சீகோவில் இரண்டு மணிக்கு அருகே சுவரில் உரசிய கோடு இன்றும் இருக்கிறது. எச்.எம்.டியின் பிளாஸ்டிக் கண்ணாடியில் கீறல் விழுந்தால் பற்பசை போட்டுத் தேய்த்து மறைத்துவிடலாம். ஹார்ட்லெக்ஸில் அது நடக்காது.

இன்னொன்று: நாள், தேதி இரண்டையும் மாற்ற வேண்டும். இரவு 9 முதல் அதிகாலை 4 வரை மாற்றக்கூடாது, பற்சக்கரம் கெட்டுவிடும். வாரம் ஒருமுறை நின்ற வாட்ச்சை எடுக்கிறவருக்கு இது சின்னச் சலிப்பு. தேதியே இல்லாத எச்.எம்.டி ஜனதாவை எடுத்துச் சாவி கொடுத்து, முள்ளைத் திருப்பிக் கட்டிக்கொள்ள அரை நிமிடம் போதும்.

சுயோசா என்றால் ஜப்பானிய மொழியில் வலிமை. 40 மில்லிமீட்டர் உடல். அதோடு ஒன்றிய செயின் முதல் கண்ணியிலேயே வளைந்து இறங்குகிறது. பி.ஆர்.எக்ஸ் நீட்டிக்கொண்டு நின்ற அதே மணிக்கட்டில் இது அடங்கி உட்கார்ந்தது. சீகோவின் விலைத் தட்டிலேயே சஃபையர் கண்ணாடி கொடுக்கிறார்கள். மேலே தேதியைப் பெரிதாக்கும் லென்ஸ். அந்த லென்ஸ் எனக்குப் பிடிக்கவில்லை. மழமழப்பான கண்ணாடியில் பரு முளைத்ததுபோல் இருக்கிறது. நீர்த்தாங்கல் 50 மீட்டர்தான். நீச்சல் பழக்கம் உள்ளவர்கள் சீகோ பக்கம் போவது நல்லது. கை கழுவவும் மழையில் நனையவும் இது போதும்.

உள்ளே ஓடுவது 8210 என்ற மெஷின். சிட்டிசனின் மெஷின் தயாரிப்புப் பிரிவான மியோட்டாவிலிருந்து 1970கள் முதல் வந்துகொண்டிருக்கும் 82 குடும்பத்தின் பிள்ளை. ரோட்டார் ஒரு பக்கம் சுழலும்போது மட்டுமே ஸ்பிரிங் ஏறும். மறுபக்கம் சும்மா சுற்றும்போது கையில் ஒரு சிறு அதிர்வு தெரியும். சிலருக்கு அது எரிச்சல். எனக்கு உயிருள்ள ஒன்றைக் கட்டியிருப்பதுபோல் இருந்தது. எத்தனையோ நிறுவனங்கள் இதே குடும்பத்து மெஷினை வாங்கிப் பயன்படுத்துவதால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. தெருமுனைப் பெரியவரிடம் மியோட்டா என்று சொன்னதும், "கொண்டு வா தம்பி" என்றார்.

காகிதத்தில் எழுதிக் கூட்டிக் கழித்தால் சீகோவும் சுயோசாவும் கிட்டத்தட்டச் சமம். முதல் வாட்ச் வாங்குகிறவர் கேட்டிருந்தால் சீகோ என்றே சொல்லியிருப்பேன். ஆனால் சேகரிப்பவரின் புதிய வாட்ச், கடை அலமாரியில் பக்கத்தில் இருப்பதோடு மட்டும் போட்டியிடுவதில்லை. வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஏழோடும் போட்டியிட வேண்டும். சீகோ 5 என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. புதியது அதைவிட நல்லது, ஆனால் அதே பேச்சைத்தான் பேசும். மெல்லிய, பளபளப்பான, அலுவலகத்துக்குப் பொருந்தும் வாட்ச் வேண்டுமென்றால் எட்ஜ் இருக்கிறது, பி.ஆர்.எக்ஸின் பாதி வேலையை அது செய்துவிடுகிறது.

சிட்டிசன் மட்டும் என் பெட்டியில் இல்லை. ஆனால் அந்த ஐந்து எச்.எம்.டிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி வாட்ச் தொழிற்சாலை எழுந்தது சிட்டிசனின் ஒத்துழைப்போடுதான். ஜனதாவிலும் பைலட்டிலும் ஓடும், உராய்வைக் குறைக்க 17 கல் பதித்த மெஷின் சிட்டிசன் வடிவமைப்பின் வழியில் வந்தது. ஜனதாவைக் காதருகே வைத்தால் வினாடிக்கு ஐந்து துடிப்பு. சுயோசாவில் ஆறு. கடையிலேயே இரண்டையும் மாற்றி மாற்றிக் காதில் வைத்துக் கேட்டேன். விற்பனைப் பெண் பொறுமையாகக் காத்திருந்தார்.

சுயோசாவில் மஞ்சள் டயல்தான் எல்லோரும் பேசுவது. நான் நீலத்தை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை போய் வாங்கி, செயினில் மூன்று கண்ணிகளைக் கழற்றப் பெரியவரிடம் கொடுக்க வேண்டும்.