பழைய தோட்ட வீட்டுக் குளியலறையில் மர அலமாரி: 6 ஆண்டுக்குப் பின் நின்றதும் போனதும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய தோட்ட வீடுகளில் குளியலறைக்கு ஒரே முகம்தான்: இடுப்பளவு செங்கல், அதற்கு மேல் பலகை, தகரக் கூரை, மூலையில் சிமெண்டுத் தொட்டி. மொண்டு ஊற்றிக் குளிக்கிற வீட்டில் தரை காய்கிற வேளையே கிடையாது. அப்படி ஓர் அறையில், தொட்டிக்கும் கதவுக்கும் நடுவில் சுவரோடு சேர்த்து அடித்த அலமாரி இது. அகலம் 900 மி.மீ., உயரம் 1,800, ஆழம் 300. சட்டம் செங்கால் என்ற கனத்த கடின மரம், தட்டுகள் 18 மி.மீ. மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் பசையில் ஒட்டியது), கதவுகள் மெராந்தி மரத்தில் லூவர், அதாவது காற்றுப் போகும் சாய்வுப் பட்டைகள், வைத்தவை.

செங்கால் சட்டம் 6 ஆண்டில் அசையவில்லை. விலை கூடுதல்தான்; ஆனால் அலமாரி முழுவதற்கும் அது வேண்டாம், நிற்கிற சட்டத்துக்கு மட்டும் போதும். ரப்பர் மரப் பலகை மலிவாகக் கிடைக்கிறதே என்று குளியலறைக்கு வாங்கவே கூடாது. வண்டு துளைக்காமல் இருக்க அதற்கு ஏற்றுகிற போரான் மருந்து தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும். பிறகு பூஞ்சணம் பிடித்து நீலமாகக் கறுக்கும். மரத்தூளையும் நாரையும் அழுத்திச் செய்கிற சிப்போர்டு, எம்.டி.எஃப். பற்றிப் பேச்சே வேண்டாம்.

செங்காலில் ஸ்க்ரூ ஏற்றுவது தனிக் கலை. 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. துளை போடாமல் முடுக்கினால், எவர்சில்வர் ஸ்க்ரூ கழுத்தோடு முறியும். அது சாதாரண இரும்பு ஸ்க்ரூவை விட மென்மையானது. அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி, கழற்றி, எவர்சில்வரில் சோப்புத் தடவி ஏற்ற வேண்டும். இரும்பையே விட்டுவைத்தால் ஈரத்தில் சுற்றிலும் கருங்கறை படரும். உப்புத்தாள் போட்டாலும் அந்தக் கறை முழுதாகப் போகாது.

முதலில் கெட்டது முதுகுப் பலகை. 6 மி.மீ. பிளைவுட்டைச் செங்கல் சுவரோடு ஒட்டி அடித்திருந்தது. ஓர் ஆண்டுக்குள் பின்பக்கம் முழுக்கப் பூஞ்சணம். முன்னால் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, துவைத்து வைத்த துண்டுகளில் மட்டும் முடை நாற்றம். பழைய செங்கல் சுவர் தரை ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். முன்னால் காற்று படும் பக்கம் காய்ந்துவிடுகிறது, பின்னால் வழியில்லை. பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே 20 மி.மீ. கட்டைகள் கொடுத்த பிறகு அந்த நாற்றம் திரும்பவில்லை. குளியலறை அலமாரிக்கு முதுகே தேவையில்லை என்பதுதான் இதில் தெரிந்தது.

அதே காரணத்துக்காகத்தான் நாலு பக்கமும் சிலிக்கான் பூசி அடைப்பதும் தப்பு. தண்ணீர் எப்படியும் உள்ளே போகும். அடைத்துவிட்டால் வெளியே வர வழி இருக்காது. தொட்டிப் பக்கத்து விளிம்பில் மட்டும் பூசினால் போதும். அலமாரியின் மரம் தரையில் படக் கூடாது. 150 மி.மீ. உயர எவர்சில்வர் கால்கள் பாரத்தைத் தாங்குகின்றன. சுவர் ஆணி அலமாரி முன்னால் சாயாமல் பிடிக்க மட்டுமே. பழைய செங்கல் சுவரின் உதிர்கிற சாந்தில், டிரில்லை இடித்துத் துளைக்கும் ஹேமர் முறையில் ஓட்டாமல் துளைத்து, 80 மி.மீ. நீளப் பிளக் கொடுக்க வேண்டும். மேலே பலகைச் சுவரில் உள்சட்டத்தைத் தேடித்தான் ஸ்க்ரூ அடிக்க வேண்டும்.

இந்தச் சுவர் 1,800 மி.மீ. உயரத்தில் 17 மி.மீ. சாய்ந்திருந்தது. அலமாரியைத் தூக்குக்குண்டு பார்த்து நேராக நிறுத்தி, பக்கச் சட்டத்தில் அகலப்பட்டை ஒன்றை வைத்து, சின்னக் கட்டையில் பென்சிலைக் கட்டிச் சுவரோடு இழுத்தால் சுவரின் வளைவு பட்டையில் வந்துவிடும். அந்தக் கோட்டில் இழைத்தால் போதும். அலமாரியையும் சுவரின் சாய்வுக்கே சாய்த்தால் கதவு விட்ட இடத்தில் நிற்காது.

கதவு இறுகியது இரண்டாம் ஆண்டு அக்டோபர் மழையில். இரண்டு கதவுக்கும் நடுவே 2 மி.மீ. விட்டிருந்தது போதவில்லை, 4 ஆக இழைத்த பிறகு சரி. தட்டுகளில் ஒன்று மட்டும் முனை பிரிந்து வீங்கியது. அறுத்த முனைக்கு வார்னிஷ் ஒரு பூச்சோடு விட்ட இடம் அது. முகத்தை விட முனைதான் தண்ணீரை அதிகம் குடிக்கும், அதற்கு மூன்று பூச்சு வேண்டும். கீல் பொருத்துகிற 35 மி.மீ. குழிக்குள்ளும் பூச மறக்கக் கூடாது.

கரையான் இன்னும் ஏறவில்லை. ஆனால் உயிரோடு நிற்கிற பால்மரத்தையே (ரப்பர் மரத்தையே) தின்கிற கரையான் வகை, கோப்டோடெர்மிஸ் கர்விக்னேத்தஸ், இங்கே உண்டு. செங்காலைத் தொடாவிட்டாலும் அதன் மேலேயே மண்குழாய் கட்டிப் பிளைவுட்டுக்குப் போகும். மாதம் ஒருமுறை அந்த 20 மி.மீ. இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்தான்.

கீல்கள் இரண்டு தடவை மாறின. முதலில் போட்டது நிக்கல் பூச்சு, பத்து மாதத்தில் துரு. அடுத்தது 304 என்ற தர எவர்சில்வர். அதிலும் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்தது. கீல் மட்டும் காரணமில்லை, கீழ்த்தட்டில் மூடி சரியாக இறுகாத வெளுக்கும் நீர்ப் போத்தல் இருந்தது. அந்தக் குளோரின் ஆவி மூடிய அலமாரிக்குள் எவர்சில்வரையும் அரிக்கும். மூன்றாவது ஜோடியும் 304தான், போத்தல் மட்டும் வெளியே தொட்டி ஓரத்துக்குப் போய்விட்டது.