மைக்கை ஒளித்துவைத்த அப்டேட்: ரெசிடென்ட் மதிப்பீட்டு ஆப், மூன்று வருடத்துக்குப் பிறகு

ரெசிடென்ட்களின் (மேற்படிப்புப் பயிற்சி மருத்துவர்கள்) ஃபீட்பேக்குக்கு ஆப் போடலாமா என்று வேறொரு துறை நண்பர் கேட்டிருக்கிறார். அறுவை சிகிச்சைத் துறையில் மூன்று வருடமாக அன்றாடம் கையில் இருக்கும் ஆப் என்பதால் பதில் சொல்லும் தகுதி உண்டு. போன மாத அப்டேட்டுக்கு முன் கேட்டிருந்தால் "கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்" என்றிருப்பேன்.

அடிப்படை எளிதுதான். கேஸ் முடிந்ததும் ரெசிடென்ட் பட்டியலில் அறுவை சிகிச்சையைத் தேர்ந்து சீனியருக்கு அனுப்புவார். எவ்வளவு தூரம் தானாகச் செய்தார், எவ்வளவு நன்றாகச் செய்தார், கேஸ் எவ்வளவு சிக்கல் என்று சீனியர் மூன்று இடம் தொடுவார். முதல் கேள்விக்கு, ரெசிடென்ட்டுக்கு எவ்வளவு சுதந்திரம் கிடைத்தது என்று அளக்கும் ஸ்விஷ் அளவுகோலின் நான்கு படிகள்: சீனியர் செய்துகாட்டுவது, சீனியர் வழிநடத்த ரெசிடென்ட் செய்வது, ரெசிடென்ட் முன்னே போக சீனியர் துணை நிற்பது, வெறும் மேற்பார்வை. மொத்தம் பத்து விநாடி. மாதக் கடைசியில் லாக்புக்கை (ரெசிடென்ட் செய்த கேஸ்களின் பதிவேடு) குவித்து வைத்து, எந்த கேஸ் எது என்று நினைவில்லாமலே கையெழுத்து போட்டதை நினைத்தால், இது எவ்வளவோ மேல்.

ஆனால் எதிர்பாராமல் கிடைத்த நல்ல விஷயம் மைக்தான். பழைய வெர்ஷனில் நோட்டிஃபிகேஷனைத் தொட்டதும் முதலில் வருவதே மைக். கையுறையைக் கழற்றிய கையோடு, நடந்துகொண்டே நாற்பது விநாடி பேசிவிடலாம்; மதிப்பெண் அதற்குப் பிறகு. அப்டேட்டுக்குப் பின் மதிப்பெண் முதலில் வருகிறது, மூன்று கேள்விகளுக்கும் தொட்டதுமே 'சமர்ப்பி' பட்டன் பச்சையாகிறது. மைக் 'கூடுதல் விவரம்' என்ற மடிப்புக்குள் போய்விட்டது. பச்சை பட்டனைப் பார்த்த பிறகு யார் மடிப்பைத் திறப்பார்கள்?

இதனால் என்ன போகிறது என்பதற்கு லேப்ராஸ்கோப்பிக் பித்தப்பை அறுவை சிகிச்சை ஒன்றே போதும். இப்போது வரும் ஃபீட்பேக்: "மூன்றாம் படி. நன்று." முன்பு மைக்கில் வந்தது இப்படி இருக்கும்: "பித்தப்பையின் கழுத்துப் பகுதியை மேல்நோக்கி இழுத்தாய். அப்படி இழுத்தால் பித்தப்பையிலிருந்து வரும் சிஸ்டிக் குழாயும் பொதுப் பித்தக்குழாயும் ஒரே கோட்டில் வந்துவிடும், ஒன்றை மற்றொன்றாக நினைக்கத் தோன்றும். அடுத்த தடவை இடது கையால் பக்கவாட்டில், கொஞ்சம் கீழே இழு, இந்தக் குழாய்களுக்கு நடுவில் இருக்கும் கேலோ முக்கோணம் விரியும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரலிலிருந்து பிரியும் முன்பே குழாயை அடைக்கும் கிளிப் கேட்டாய். பிரித்து, சிஸ்டிக் குழாய், சிஸ்டிக் ரத்தநாளம் என்று இரண்டே இரண்டுதான் பித்தப்பைக்குள் போகின்றன என்று முன்னும் பின்னும் காட்டிய பிறகு கேள்." எதையும் வெட்டும் முன் இப்படிக் காட்டி உறுதி செய்ய வேண்டும் என்று அறுவை சிகிச்சை நிபுணர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் வகுத்த பாதுகாப்புக் காட்சி நெறியைப் புத்தகத்தில் எல்லா ரெசிடென்ட்டும் படித்திருக்கிறார். தன் இடது கை எங்கே தவறியது என்று இந்தக் குரல்தான் சொல்லும். மூன்றாம் படி என்ற எண் அதைச் சொல்லாது.

ஆப் செய்தவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாதியில் விட்ட ஃபாரங்கள் நிறைய இருந்தன, அப்டேட்டுக்குப் பின் குறைந்திருக்கின்றன. எண்ணிக்கை கேட்கும் துறைகளுக்கு அது பெரிய லாபம். அதை மறுக்கவில்லை. ஆனால் காலியான ஃபாரம் ஐம்பது சேர்ந்தால் ரெசிடென்ட்டுக்கு என்ன கிடைக்கும்? கருத்தைக் கட்டாயமாக்கும் செட்டிங் இருக்கிறதே என்பார்கள். குறைந்தபட்ச எழுத்து எண்ணிக்கை வைத்ததும் "நன்று" என்பதற்குப் பின்னால் புள்ளிகள் வரிசையாக வந்ததுதான் மிச்சம். அதை ஆன் செய்யாதீர்கள்.

மற்றவை: தியேட்டருக்குள் சிக்னல் இல்லாவிட்டால் ஃபாரம் போனிலேயே தங்கி, வெளியே வந்ததும் போய்ச் சேருகிறது. அவசரப்பட்டு மறுபடி அனுப்பினால் இரண்டாகப் பதிவாகும், பொறுங்கள். பேச்சை எழுத்தாக்கும்போது மருத்துவச் சொற்கள் சிதைகின்றன, ஒலிப்பதிவையும் சேமிக்கும் செட்டிங்கை விட்டுவிடாதீர்கள். நோயாளியின் பெயர், எண் எதுவும் மைக்கில் வரக்கூடாது. வராந்தாவில் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும்.

ஒன்றை மட்டும் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்: ரெசிடென்ட் தேறினாரா என்று முடிவு செய்யும் தேர்ச்சிக் குழு மதிப்பெண்ணைப் பார்க்குமா, பார்க்காதா? பார்க்கும் என்று தெரிந்த நாளிலிருந்து ரெசிடென்ட்கள் நன்றாகப் போன கேஸைத்தான் அனுப்புவார்கள், அதுவும் கைதாராளமான சீனியருக்கு. சீனியர்களும் யாரையும் இரண்டாம் படிக்குக் கீழே போட மாட்டார்கள். ஒட்டாவா அளவுகோல் என்ற இன்னொரு மதிப்பீட்டு முறை போல "நான் அங்கே இருக்கவே தேவையில்லை" என்று வெளிப்படையாக எழுதிய படிகள் இருந்தால் இந்தத் தாராளம் கொஞ்சம் குறையலாம், முழுதாகப் போகாது.

இப்போதைக்கு ஒரு வழி இருக்கிறது. தோல் தையல் போடும்போதே ரெசிடென்ட் "சார், இந்த கேஸில் என் இடது கையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்" என்று ஒரே விஷயத்தைக் கேட்டுவைக்கட்டும். கேள்வி குறிப்பாக இருந்தால் சீனியர் மடிப்பைத் திறந்து மைக்கைத் தேடுகிறார். பொதுவாக "ஃபீட்பேக் கொடுங்கள்" என்றால் தேடுவதில்லை.

மூன்று வருடத்தில் ரெசிடென்ட்களின் கையைத் திருத்தியதில் இந்த ஆப்புக்கு இணையாக வேறெதுவும் இல்லை. ஆனாலும் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டுதான் தருவேன், நண்பரையும் அடுத்த அப்டேட் வரை பொறுக்கச் சொல்வேன். மைக் பழைய இடத்துக்கு வரட்டும், அன்றைக்கே ஐந்து போடுகிறேன்.