சவுண்ட் பாக்ஸ் பேசாத நான்கு ஞாயிறுகள்

மேலூர்ப் பக்கத்துத் தாலாட்டுப் பாடல்களைத் தொகுத்துத் தம் செலவிலேயே நூலாக்கியிருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். புத்தகத்தைக் கடைக்குக் கொடுக்காமல் நேரடியாக விற்கப் போவதாகச் சொல்லிவிட்டு, "பணம் வந்ததும் சத்தமா சொல்லுமே, அந்தப் பெட்டியையும் வாங்கிரலாமா அண்ணே?" என்று கேட்டார். பழுது நீக்கப்பட்ட என் சவுண்ட் பாக்ஸ் அன்று காலையில்தான் கைக்குத் திரும்பியிருந்தது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் என்னால் விடை கூற இயலவில்லை.

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டப்பட்ட சமணப் படுக்கைகளையும் அங்குள்ள கல்வெட்டுகளையும் பற்றிய என் கையேட்டை 2021 முதல் நானே விற்று வருகிறேன். விலை 180 ரூபாய். கடைக்குக் கொடுத்தால் 40 விழுக்காடு கழிவு போக 108 ரூபாய் வரும். அதையும் விற்ற பிறகு பலமுறை நினைவூட்டித்தான் வாங்க வேண்டும். ஆயினும் நான் நேரடி விற்பனைக்கு வந்தது அந்த 72 ரூபாய்க்காக அன்று. புதுமண்டபத்தில் புத்தகக் கடைகள் இருந்த காலத்திலிருந்தே அவற்றின் வாடிக்கையாளன் நான். எவர் எதைத் தேடி வருவார் என்பதைக் கடைக்காரர்கள் முகம் பார்த்தே அறிந்திருந்தார்கள். ஆனால் அந்த அறிமுகம் கடையோடு நின்றுவிடும், எழுதியவனை வந்து சேராது. என் புத்தகத்தைப் படிப்பவர் யார் என்பது எனக்குத் தெரிய வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான் மடக்கு மேசையையும் கியூஆர் அட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கீழக்குயில்குடியில், சமணர் மலை அடிவாரத்து அய்யனார் கோயிலருகே ஆலமர நிழலில் இருப்பேன். மலையிலுள்ள செட்டிப்புடவுக் குகையையும் பேச்சிப்பள்ளத்துச் சமணச் சிற்ப வரிசையையும் பார்த்துவிட்டு இறங்குபவர்கள் மேசையைச் சூழ்வார்கள். யுபிஐ வழியாகப் பணம் பெற வணிகர் கட்டணம் ஏதும் இல்லை என்பது 2020 ஜனவரியிலிருந்து நடைமுறை. பெட்டிக்கு மாத வாடகை மட்டும் உண்டு. தனக்கென ஒரு சிம் அட்டையைக் கொண்டிருப்பதால் என் கைப்பேசியை அது எதிர்பார்ப்பதில்லை. குன்றின் மறைவில் அலைவரிசை தளரும் வேளையில் அறிவிப்பு சற்றுத் தாமதமாகும். அதைத் தவிர இந்த ஆண்டுகளில் அது தன் வேலையில் குறை வைத்ததே இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

என்னை ஆண்டுக்கணக்கில் உறுத்தி வந்தது வேறொன்று. "நூற்றி எண்பது ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி சொன்ன அந்தக் கணத்திலேயே, வாங்கியவர் புத்தகத்தோடு நகர்ந்துவிடுவார். என் கண் அடுத்தவர் மேல் இருக்கும். கணக்கைத் திறந்து பார்த்தால் ஒரு பெயர் இருக்கும். ஆனால் பணம் கட்டியவர் படிப்பவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அம்மா கேட்ட புத்தகத்துக்கு மகன் பணம் அனுப்பியிருப்பார். ஏறத்தாழ 1,900 பிரதிகள் விற்றபின்னும் என் வாசகர் நோட்டில் இருந்தவை 212 பெயர்கள்தாம். பணம் வந்து சேர்ந்தது, ஆள் வந்து சேரவில்லை. முன்பெல்லாம் மணியார்டர் படிவத்தின் அடியில் செய்தி எழுத ஓர் இடம் இருந்தது. புத்தகத்துக்குப் பணம் அனுப்புகிறவர் அந்தச் சிறு கட்டத்துக்குள் தம்மைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருப்பார்.

பெட்டியின் ஒலிபெருக்கி கெட்டுப்போய் நான்கு ஞாயிறுகள் அது இல்லாமல் உட்கார நேர்ந்தது. பணம் வந்ததா என்று சரிபார்க்க, "எந்தப் பெயரில் அனுப்பினீர்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டே ஆக வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி எனக்குச் செய்த நன்மையை எப்படிச் சொல்வேன்! திருநகரிலிருந்து வந்த ஓர் அம்மா, "மருமகன் கணக்கு, படிக்கப் போவது நான்தான்" என்று தொடங்கி, தம் பிறந்த ஊர் கொங்கர்புளியங்குளத்தருகே என்றும், சிறுவயதில் மழை வந்தால் ஆடுகளோடு அவ்வூர்க் குன்றில் பஞ்சபாண்டவர் படுக்கை எனப்படும் சமணக் குகையில் போய் ஒதுங்கியதாகவும் கூறினார். நான் அச்சிட்டிருந்த பாதை இப்போது முள்வேலியால் அடைபட்டிருப்பதையும் அவரே சொன்னார். அதே பாதையை நம்பி எத்தனை பேர் போய்த் திரும்பினார்களோ, அவர்களில் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை. அந்த நான்கு ஞாயிறுகளில் விற்றவை 61 பிரதிகள், நோட்டில் ஏறிய பெயர்கள் 43. பெயர் தந்தவர்களுக்கெல்லாம் என் முகவரி எழுதிய ஐம்பது காசு அஞ்சலட்டை ஒன்றைப் புத்தகத்துள் வைத்துக் கொடுத்தேன். இதுவரை 17 அட்டைகள் திரும்பி வந்துள்ளன, அவற்றில் ஒன்று, வாங்கியவருடைய பேரனின் கையெழுத்தில் மூன்று கேள்விகளோடு.

நண்பர் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு செய்திகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயர் தந்த வாசகர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கும் அனுப்பும் பரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட்) ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். அதுவும் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். எனவே வாங்குபவரின் சம்மதத்தைக் கேட்டு, நம் எண்ணை நம் எதிரிலேயே சேமிக்கச் சொல்வது நல்லது. வெளியூர்க்காரர்களுக்கு அனுப்ப, 2025 மே 1 முதல் அஞ்சல் துறை நடத்தும், புத்தகங்களுக்கான ஞான் போஸ்ட் சேவை இருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி.

இனி கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான்காவது ஞாயிறன்று கல்லூரி மாணவர்கள் இரண்டு பேருந்துகளில் வந்து இறங்கினார்கள். பெட்டியில்லாமல் நான் திணறியதும், சிலர் காத்திருக்க முடியாமல் வாங்காமலே திரும்பியதும் உண்மை. பழுது நீங்கி வந்த பெட்டி இப்போது முன்னைவிடத் தெளிவாகப் பேசுகிறது. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது அது மேசைமேல் இருக்கும், வாடகையையும் கட்டி வருவேன். இத்தனையும் தெரிந்தே, நீங்கள் அதை வாங்க வேண்டாம் என்கிறேன், தம்பி. முதல் நூறு பிரதிகளையாவது பெயர் கேட்டு விற்றுப் பாருங்கள். உங்கள் தாலாட்டுகளைப் பாடிய தாய்மாரின் பேத்திகள் அந்த வரிசையில் நிற்கக்கூடும். எந்தப் பாட்டு யார் வீட்டுடையது என்று அவர்களுக்குத் தெரியும். கீழக்குயில்குடியில் வரும் ஞாயிறும் நான் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகிறேன்.