தென்னையும் காற்றாலையும்: அலைச் சிதறலுக்கு எந்தக் கணக்கு முறை?

மின்காந்த அலை ஒரு பொருளில் பட்டு எவ்வாறு சிதறும் என்பதை மேக்ஸ்வெல் சமன்பாடுகள் சொல்லிவிடுகின்றன. அவற்றைக் கணினியில் எப்படித் தீர்ப்பது என்பதில்தான் முறைகள் பிரிகின்றன. பொள்ளாச்சித் தோப்பில் தென்னையோடு கட்டிய ஈரப்பத உணரியின் ஆன்டெனாவையும், பல்லடம் பக்கத்துக் காற்றாலைக் கோபுரத்தையும் வைத்துப் பார்க்கலாம்.

உணரி 866 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது என்றால் அலைநீளம் 34.6 செ.மீ.; அதில் பாதி நீளமுள்ள கம்பி ஆன்டெனாவான அரை அலை டைபோல் என்பது ஏறக்குறைய 17 செ.மீ. கம்பி. ஹாரிங்டன் 1960-களில் பரவலாக்கிய மொமென்ட் முறை உலோகத்தில் ஓடும் மின்னோட்டத்தை மட்டுமே தேடுவதால், கம்பியை 21 துண்டாக்கினால் 21 × 21 அணியோடு (மேட்ரிக்ஸ், அதாவது எண் கட்டம்) வேலை முடிகிறது. சுற்றியுள்ள காற்றைத் தொடவே வேண்டாம். வெறும் உலோகத்துக்கு இதை விட்டு வேறொன்றை நாடுவது வீண் உழைப்பு என்பேன்.

அதே கம்பியை மரத்தோடு சேர்த்தால் நிலைமை மாறுகிறது. தென்னையின் நடுப்பகுதியும் ஓரமும் ஒரே அளவு நீரைக் கொண்டிருப்பதில்லை. மொமென்ட் முறையில் மரத்தின் உட்பகுதி முழுவதையும் துண்டாக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் மற்ற எல்லாவற்றையும் பாதிப்பதால் அணியில் ஓர் இடமும் காலியாக இராது. யீ 1966-ல் முன்வைத்த எஃப்.டி.டி.டி. முறையிலோ (இடத்தைச் சிறு பெட்டிகளாக வெட்டி, புலங்களை நேரப் படிகளில் நகர்த்தும் முறை), ஒவ்வொரு பெட்டியும் அண்டைப் பெட்டிகளை மட்டுமே பார்க்கிறது. ஈர மரத்தின் மின்கடவா மாறிலியை (பொருளுக்குள் அலை எவ்வளவு சுருங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 25 என்று வைத்துக்கொண்டால் மரத்துக்குள் அலைநீளம் 7 செ.மீ. ஆகச் சுருங்கும். 60 செ.மீ. சதுரமும் 1 மீட்டர் உயரமும் உள்ள இடத்தை 7 மி.மீ. பெட்டிகளாக வெட்டினால் சுமார் 10 லட்சம் பெட்டிகள். பெட்டிக்கு ஆறு புல எண்கள் (மின்புலத்துக்கு மூன்று, காந்தப்புலத்துக்கு மூன்று), எண்ணுக்கு 4 பைட் என்றால் 24 மெகாபைட், மடிக்கணினியே தாங்கும். இடத்தின் ஓரத்தை எட்டும் அலை திரும்பி வராமல் உறிஞ்ச, பெரெஞ்ஜர் 1994-ல் தந்த பி.எம்.எல். என்னும் உறிஞ்சும் அடுக்கைச் சுற்றிலும் போட வேண்டும். உருண்டை மரம் படிக்கட்டுபோல் ஆகிவிடுவது இம்முறையின் குறை. வளைவு முக்கியமென்றால், வடிவத்துக்கேற்ற சிறு துண்டுகளைப் பயன்படுத்தும் ஃபைனைட் எலிமென்ட் முறை நல்லது.

கோபுரத்தின் கதை வேறு. 80 மீட்டர் உயரமும் 10 மீட்டர் சுற்றளவும் கொண்டால், 2.4 கிகாஹெர்ட்ஸில் அதன் உயரம் 640 அலைநீளம். மொமென்ட் முறைக்காக மேற்பரப்பை வெட்டினால், பத்தில் ஒரு அலைநீளத் துண்டுகள் 51 லட்சத்தைத் தாண்டும். முழு அணியைச் சேமிக்கவே 400 டெராபைட்டுக்கு மேல் வேண்டும். தொலைவிலுள்ள துண்டுகளைக் கூட்டங்களாகச் சேர்த்துக் கணக்கிடும் பன்மட்ட மல்ட்டிபோல் உத்தி இந்தச் சுமையை வெகுவாகக் குறைத்தாலும், பெரிய சர்வர் இல்லாமல் நடக்காது. ஆகவே இங்கே, அலை நேரே படும் பரப்பின் மின்னோட்டத்தைத் தோராயமாக எடுத்துக்கொள்ளும் பிசிக்கல் ஆப்டிக்ஸும், கெல்லர் 1962-ல் வகுத்த விளிம்பு விலகல் கதிர்களுமே (விளிம்பில் பட்டு வளையும் அலையைக் கதிராகக் கணக்கிடுவது) கைகொடுக்கும். கண்ணாடிபோல் பிரதிபலிக்கும் திசையில் இவை நம்பத்தக்கவை. நிழல் பகுதியில் பிசிக்கல் ஆப்டிக்ஸ் மட்டும் போதாது. கோபுரத்திலேயே ஆன்டெனா பொருத்தியிருந்தால், அதன் அருகாமையை மொமென்ட் முறையிலும் எஞ்சியதைக் கதிர் முறையிலும் பிரித்துக் கணக்கிட வேண்டியதுதான்.