ஸ்டேண்ட்பையா, உறுதி டிக்கெட்டா? கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கணக்கு

விமான நிறுவனத்தில் வேலை என்று சொன்னதும் எங்கள் பக்கத்தில் வரும் முதல் கேள்வி, "அப்படியென்றால் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் விமானம் இலவசம்தானே?" என்பதுதான். அதில் பாதிதான் உண்மை. ஊழியர் டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் அறவே இல்லாமல் போகலாம், அல்லது பத்தில் ஒரு பங்காகக் குறையலாம். வரியும் விமான நிலையக் கட்டணமும் கட்டத்தான் வேண்டும். அதைவிட முக்கியம், பெரும்பாலும் அந்த டிக்கெட்டில் இருக்கை உறுதி கிடையாது. இருக்கை மிஞ்சினால் ஏறிக்கொள்ளலாம் என்ற அனுமதி மட்டும்தான் உண்டு. இதைத்தான் ஸ்டேண்ட்பை என்கிறோம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காகவும், அவர்களை நம்பிப் பெட்டி கட்டும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். எந்தப் பயணத்துக்கு எந்த டிக்கெட் என்று தெரியாவிட்டால், மிச்சம் பிடித்த பணத்தை அலைச்சல் விழுங்கிவிடும்.

ஸ்டேண்ட்பை டிக்கெட் நடைமுறையில் எப்படி என்று முதலில் பார்த்துவிடலாம். போக நினைக்கும் விமானத்துக்குப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். இதை லிஸ்டிங் என்போம். இது முன்பதிவு அல்ல, வரப்போகிறேன் என்று சொல்லிவைப்பது. அடுத்தது லோடு, அதாவது விமானத்தில் எத்தனை இருக்கை விற்றிருக்கிறது என்று பார்ப்பது. 180 இருக்கைகள் உள்ள ஏர்பஸ் 320 விமானத்தில் 172 விற்றிருந்தால், 8 காலி என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் மகிழ்ந்துவிடுவார்கள். பட்டியலில் எத்தனை ஊழியர்கள் இருக்கிறார்கள், நமக்கு மேலே எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் அந்த 8 இருக்கைக்கு அர்த்தம். அலுவல் நிமித்தம் பறப்பவர்கள் மேலே இருப்பார்கள். பிறகு அந்த நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள். அவர்களுக்குள் சில நிறுவனங்களில் பணியில் சேர்ந்த தேதிதான் வரிசையைத் தீர்மானிக்கும், வேறு சிலவற்றில் கவுன்டருக்கு வந்து சேர்ந்த நேரம். தனியாக வரும் பெற்றோர் பல இடங்களில் அதற்கும் கீழே. வேறு நிறுவன ஊழியர்கள் பெரும்பாலும் கடைசி.

உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கவுன்டர் மூடும். ஸ்டேண்ட்பை ஆட்களின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. அதுவரை பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். பணம் கட்டியும் வராதவர்கள் எத்தனை பேர் என்று திரையில் பார்த்து, அலுவலர் ஒவ்வொரு பெயராக ஏற்றுவார். பெயர் வந்த பிறகுதான் பெட்டி எடை மேடைக்கு ஏறும், போர்டிங் பாஸ் கைக்கு வரும். சில நேரங்களில் அதில் இருக்கை எண் இருக்காது, கேட்டில் போய்த்தான் வாங்க வேண்டும். பாதுகாப்புச் சோதனை, நீண்ட நடை எல்லாம் மீதி இருக்கும் நேரத்துக்குள் முடிய வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி என்றால் இந்த ஒரு மணி நேரத்தைத்தான் முதலில் யோசிக்க வேண்டும், கட்டணத்தை அல்ல. ஜூன் மாதத்தில் தில்லியிலிருக்கும் மகளுக்கு மாம்பழப் பெட்டி கொண்டுபோகும் அம்மாவுக்கும் இதே பேச்சுதான். இந்த விமானத்தில் இடம் இல்லாமல் அடுத்ததுக்கும் அதற்கடுத்ததுக்கும் பெயர் தள்ளிப்போகும்போது பழமும் கூடவே காத்திருக்கும்.

காலி இருக்கை கண்ணெதிரே தெரிந்தும் ஏற்ற மறுக்கும் சந்தர்ப்பம் உண்டு. வெயில் கடுமையான நாளிலோ, கூடுதல் எரிபொருள் நிரப்ப வேண்டிய நாளிலோ விமானம் சுமக்கக்கூடிய எடை குறையும். அப்போது முதலில் இறங்குவது ஸ்டேண்ட்பை பெயர்கள்தான். முந்தைய விமானம் ரத்தானால் அதன் பயணிகள் அனைவரும் அடுத்த விமானத்துக்கு வருவார்கள். காலையில் 20 காலி என்று காட்டிய லோடு மதியத்துக்குள் நிரம்பிவிடும். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமானிகளின் பணி நேர விதிகள் மாறியதை ஒட்டி இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, கட்டணம் செலுத்தியவர்களே இடமின்றித் தவித்தார்கள். அப்படிப்பட்ட நாளில் ஊழியர் டிக்கெட்டுடன் விமான நிலையம் போவதில் பயனில்லை. உறுதி டிக்கெட் வைத்திருப்பவரை இடமில்லை என்று நிறுவனம் திருப்பி அனுப்பினால், விமானப் போக்குவரத்து இயக்குநரக விதிப்படி நிலைமையைப் பொறுத்து 10,000 அல்லது 20,000 ரூபாய் வரை இழப்பீடு கோரலாம். ஸ்டேண்ட்பை டிக்கெட்டுக்கு இழப்பீடும் இல்லை, ஓட்டல் அறையும் இல்லை.

வேறு நிறுவன விமானத்தில் பறக்க ‘செட்’ (ZED, மண்டல வாரியான ஊழியர் தள்ளுபடி) டிக்கெட் இருக்கிறது. இதுவும் ஸ்டேண்ட்பைதான். நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தூரத்தை மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நிலையான கட்டணம் வைத்திருக்கிறார்கள். அதில் குறைந்தது, நடுத்தரம், உயர்ந்தது என்று மூன்று நிலைகள் உண்டு. சொந்த நிறுவன டிக்கெட்டைவிட விலை கூடுதல், வரிசையில் இடமும் கீழே. இருந்தும் இதை நான் மதிக்கிறேன். பயன்படுத்தாவிட்டால் பொதுவாகப் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதால், வெளிநாட்டுப் பயணத்தில் சொந்த நிறுவனத்தில் இடம் கிடைக்காமல் போனால் கைகொடுக்க இதை வாங்கி வைத்துக்கொள்ளலாம். முதல் தேர்வாக மட்டும் வைக்கக் கூடாது.

மூன்றாவது வகை பலருக்குத் தெரிவதேயில்லை. ஊழியர் டிக்கெட்டின் குறியீட்டில் ‘ஐ.டி.’ என்பதை அடுத்து வரும் எண் தள்ளுபடிச் சதவீதம். ஐ.டி. 90 என்றால் 90 சதவீதத் தள்ளுபடி. அதன் பின்னால் ‘ஆர் 2’ என்றிருந்தால் இடம் இருந்தால் மட்டுமே பயணம். ‘ஆர் 1’ என்றிருந்தால் இருக்கை உறுதி. ஆர் 1 டிக்கெட்டில் தள்ளுபடி குறைவு, எல்லா நிறுவனமும் தருவதுமில்லை. தருகிற இடத்தில், பெற்றோர் பயணத்துக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் ஒரு எச்சரிக்கை. தள்ளுபடி எந்தக் கட்டணத்தின் மீது கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். முழு விலையில் பாதி என்பது, இரண்டு மாதம் முன்பே வாங்கும் சாதாரண டிக்கெட்டைவிடக் கூடுதலாக இருப்பதுண்டு.

நான்காவது, எல்லோரும் வாங்கும் சாதாரண டிக்கெட். ஊழியர் குடும்பங்களில் இதை வாங்குவது ஏதோ தோல்வி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திட்டமிட முடிந்த பயணத்துக்கு இதுதான் பல நேரம் மலிவு. கடைசி நேரத்தில் வாங்கினால்தான் சுடும். 2025 டிசம்பர் நெருக்கடியில் அரசு உச்சவரம்பு விதித்தபோதே, 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு அந்த வரம்பு 18,000 ரூபாயாக இருந்தது.

எந்த விமான நிலையம் என்பதும் டிக்கெட்டோடு சேர்ந்த கேள்விதான். தருமபுரிக்காரர்களுக்குச் சேலம் பக்கம். தொப்பூர் கணவாய் இறங்கினால் ஓமலூருக்கு முன்பே, விமான நிலையம் இருக்கும் காமலாபுரம் வந்துவிடும். 2023 அக்டோபரில் அங்கே மீண்டும் விமானங்கள் ஓடத் தொடங்கின. ஆனால் ஸ்டேண்ட்பை டிக்கெட்டுக்குச் சேலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிறிய ஏ.டி.ஆர். விமானம், விரல்விட்டு எண்ணக்கூடிய சேவைகள். ஒன்றில் ஏற முடியாவிட்டால் அடுத்த வாய்ப்பு மறுநாளாக இருக்கலாம். சேலத்துக்கு உறுதி டிக்கெட்டுடன் மட்டும் போங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். எலெக்ட்ரானிக் சிட்டி நெரிசலையும் நகரத்தையும் கடந்து வடகோடிக்குப் போக வேண்டும். அந்தச் சிரமம் இருந்தும், தில்லிக்கும் மும்பைக்கும் அங்கிருந்து நாள் முழுவதும் விமானங்கள் இருப்பதால் ஸ்டேண்ட்பை டிக்கெட்டுக்கு அதுதான் சரியான இடம். சென்னை தூரம் அதிகம், வெளிநாட்டு வழித்தடம் ஏதாவது அங்கிருந்து மட்டும் வசதியாக இருந்தால் யோசிக்கலாம். ஓசூரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பெங்களூருவைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிய விமான நிலையம் கூடாது என்ற ஒப்பந்த நிபந்தனை குறுக்கே இருக்கிறது. அது நீங்கி ஓசூருக்கு விமானம் வந்தால் நம் மக்களுக்கு இந்தக் கணக்கே மாறும்.

என் முடிவு இதுதான். போகும்போது ஸ்டேண்ட்பை, திரும்பும்போது உறுதி டிக்கெட். பெங்களூருவில் இடம் கிடைக்காவிட்டால் ஓசூர் பஸ் பிடித்து வீடு திரும்பலாம். கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லாவிட்டாலும் தேசிய நெடுஞ்சாலையில் இரவு முழுவதும் பஸ் உண்டு. தருமபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழி ரயிலும் உண்டு. தில்லியில் கடைசி விமானத்தில் இடம் இல்லையென்றால் அறை வாடகை, சாப்பாடு, மறுநாள் பணிக்குப் போக முடியாத சங்கடம் எல்லாம் சேர்ந்து டிக்கெட் விலையைத் தாண்டிவிடும். ஸ்டேண்ட்பை டிக்கெட்டில் போகும் நாளில் முதல் விமானத்தையே குறிவையுங்கள். அதிகாலை விமானத்துக்கு எழுந்து வராதவர்கள் இருப்பார்கள், தவறினாலும் பின்னால் ஒரு நாள் முழுக்க விமானங்கள் இருக்கின்றன. பொங்கல், தீபாவளி, மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு ஸ்டேண்ட்பை டிக்கெட்டை நம்ப வேண்டாம். நான்கு பேர் போனால் இரண்டு இருக்கைதான் இருக்கிறது என்று சொல்வார்கள், யார் ஏறுவது என்று அங்கே நின்று முடிவெடுக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெயர் வராவிட்டால் கவுன்டரில் வாதாடாதீர்கள். அருகில் நிற்கும் பயணிகளிடம் இது ஊழியர் டிக்கெட் என்று பேசாதீர்கள். உறவினர் கேட்டார் என்று பணம் வாங்கிக்கொண்டு சலுகையைக் கைமாற்றாதீர்கள். நடத்தை சரியில்லை என்று புகார் போனால் சலுகை நிறுத்தப்படும், விற்றது தெரிந்தால் பிள்ளையின் வேலையே போகும்.

துக்கச் செய்தி வந்து உடனே கிளம்ப வேண்டிய நேரத்தில் மட்டும் மேலே சொன்ன கணக்கு செல்லாது. விற்பனை விலை உச்சத்தில் இருக்கும், கையில் பணம் இருக்காது. அப்போது ஸ்டேண்ட்பை டிக்கெட்டுக்குப் பெயரைப் பதிவு செய்துவிட்டு, முதல் வேலையாகப் பணி மேலாளருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லுங்கள். சில நிறுவனங்களில் அந்தச் சூழலில் வரிசையில் மேலே ஏற்றுவதற்கு விதியே இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.