பை திரையை மடிக்கணினியில் பார்க்க: விஎன்சியா, எக்ஸ்ஆர்டிபியா?

மாடிப்படிக்குக் கீழே ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைப் பக்கத்தில் இருக்கும் பழைய மானிட்டரில் காட்டுவதுதான் அதன் வேலை. ஒரு கணினியின் டெஸ்க்டாப்பை இன்னொன்றில் பார்க்க விஎன்சி, எக்ஸ்ஆர்டிபி என்று இரண்டு வழி உண்டு. பையின் டெஸ்க்டாப்பை மடிக்கணினியில் பார்க்க இரண்டையும் பயன்படுத்திவிட்டு, விஎன்சியோடு நின்றுவிட்டேன்.

முதலில் போட்டது எக்ஸ்ஆர்டிபிதான். பையில் நிறுவ ஒரே ஒரு ஆப்ட் (apt) கட்டளை. விண்டோஸில் ரிமோட் டெஸ்க்டாப் ஏற்கெனவே இருக்கிறது, தனியாக எதுவும் இறக்க வேண்டாம். என் வைஃபையில் திரை நகர்வும் விஎன்சியைவிட வழுக்கலாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் வேறு இடத்தில். எக்ஸ்ஆர்டிபி வழக்கமாக நமக்கென்று புதிதாக ஒரு டெஸ்க்டாப்பைத் திறந்து கொடுக்கிறது. மானிட்டரில் ஓடும் திரை அதில் வராது. அங்கே எந்தப் பயனர் உள்ளே இருக்கிறாரோ அதே பெயரில் நுழைந்தபோது எனக்குக் கிடைத்தது கறுப்புத் திரை. சரி என்று இன்னொரு பயனரை உருவாக்கி நுழைந்தேன். டெஸ்க்டாப் வந்தது, ஆனால் காலி. தானி (Thonny) என்ற பைத்தான் எடிட்டரில் நான் ஓட்டி வைத்திருந்த நிரல் எங்கே? அது பாட்டுக்கு மானிட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. "நம்பர் அசையவே இல்லைப்பா" என்று அப்பா போனில் சொல்லும்போது அவர் பார்க்கும் அதே திரை எனக்கும் தெரிய வேண்டும். புதுத் திரையை வைத்து நான் என்ன செய்ய? இது எக்ஸ்ஆர்டிபியின் பிழை இல்லை, அதன் வேலைமுறையே அப்படி. ஒரே பையில் ஆளுக்கொரு டெஸ்க்டாப் வேண்டும் என்பவர்களுக்கு அதுதான் வசதி.

விஎன்சியில் ஓடும் திரையே வருகிறது. முதல் நாள் அம்பு தானாக நகர்வதைப் பார்த்துவிட்டு அப்பா பிளக்கைப் பிடுங்கப் போனார், அது தனிக் கதை. பையின் அமைப்புகளை மாற்றும் ராஸ்பி-கான்ஃபிக்கில் (raspi-config) இன்டர்ஃபேஸ் பகுதிக்குப் போய் விஎன்சியை இயக்கினால் போதும். 2023 அக்டோபரில் வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் பதிப்பில் பை 4, பை 5 இரண்டும் வேலண்ட் என்ற புதிய திரை அமைப்புக்கு மாறியதால் உள்ளே ஓடுவது அதற்கான விஎன்சி சர்வரான வேவிஎன்சி. மடிக்கணினியில் என்னிடம் இருந்த பழைய விஎன்சி வியூவர் அதோடு ஒத்துவரவில்லை, டைகர்விஎன்சி என்ற இன்னொரு வியூவர் உடனே இணைந்தது. மானிட்டரே இல்லாத பை என்றால் டிஸ்ப்ளே பகுதியில் விஎன்சி ரெசல்யூஷனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் வீட்டு வைஃபைக்குள். வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் விஎன்சி பயன்படுத்தும் 5900 போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். அதற்கு 2024 மே மாதம் சோதனைப் பதிப்பாக வந்த ராஸ்பெர்ரி பை கனெக்ட் இருக்கிறது. பிரவுசரிலேயே திரை வரும், அதுவும் ஓடும் திரைதான், போர்ட் எதையும் திறக்க வேண்டாம். ராஸ்பெர்ரி பை ஐடி ஒன்று வேண்டும். ஊருக்குப் போயிருந்த இரண்டு வாரம் மட்டும் பயன்படுத்தினேன், ஒருமுறைகூடத் துண்டிக்கவில்லை. அதற்கு மேல் என் அனுபவம் போகாது. வீட்டுக்குத் திரும்பியதும் மறுபடி விஎன்சிதான்.