பிச்சாவரம் படகுச் சவாரி: சுரபுன்னையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு, அதாவது உப்புநீரில் நிற்கும் கடலோரக் காட்டுக்கு, செல்ஃபி எடுக்கப் போகிறவர்களுக்கு எந்தப் படகானாலும் ஒன்றுதான். மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் துடுப்புப் படகை எடுங்கள். மோட்டார் படகு அகலமான கால்வாய்களில் ஒரு சுற்று காட்டிவிட்டுக் கரைக்கு வந்துவிடும். இரண்டு பக்கமும் வேர்கள் வளைந்து நிற்கும் குறுகிய ஓடைகளுக்குள் துடுப்புப் படகால்தான் போக முடியும். ஏறும்போதே "ஓடைக்குள்ள போய்க் கொஞ்சம் நிறுத்துங்கண்ணே" என்று சொல்லி வைப்பது நல்லது.

ஓடைக்கரையில் தண்ணீரை ஒட்டி நிற்பவை பெரும்பாலும் சுரபுன்னை என்ற அலையாத்தி மரம்தான். இங்கே அதில் முக்கியமாக இரண்டு இனங்கள் உண்டு: ரைசோபோரா மியூக்ரோனாட்டா, ரைசோபோரா அபிகுலாட்டா. ஒரு கிளைக்குப் பக்கத்தில் படகு நின்றால் இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. இலை அகலமாக, நுனியில் முள் போன்ற கூர் நீட்டிக்கொண்டு, இலைக் கக்கத்தில் பூக்கள் கொத்தாகத் தொங்கினால் மியூக்ரோனாட்டா. அதன் இதழ் ஓரத்தில் மயிர் இருக்கும். இலை குறுகலாக, இலைக்காம்பும் மொட்டு உறையும் சிவந்து, பூக்கள் இரண்டிரண்டாக இலைகளுக்குக் கீழே மொட்டைக் கொம்பில் ஒட்டியிருந்தால் அபிகுலாட்டா; இதழில் மயிர் இருக்காது. பூ இல்லாத காலத்தில் கிளையில் பச்சைத் தண்டு போலத் தொங்கும் நாற்றின் நீளத்தைப் பாருங்கள். ஓர் அடிக்குள் அடங்கினால் அபிகுலாட்டா, முருங்கைக்காய் மாதிரி நீண்டு தொங்கினால் மியூக்ரோனாட்டா.

காய் என்று பலரும் நினைக்கும் அந்தப் பச்சைத் தண்டு உண்மையில் மரத்திலேயே முளைத்துவிட்ட நாற்று. மேலே பழுப்பு நிறத்தில் குமிழ் போல இருப்பதுதான் கனி. நாற்று முற்றியதும் கனிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு கழுத்துப் பட்டை வெளியே தெரியும். அதற்கு முன்பே பறித்து நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. சுற்றுலாப் பயணிகள் பறித்துப் படகில் போட்டுவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த முற்றாத நாற்றுகளைத்தான். இது காப்புக்காடு, எதையும் பறிக்கக் கூடாது.

இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது மரம் ஒன்றும் இங்கே உண்டு. பேராசிரியர் கதிரேசன் 1995இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் ரைசோபோரா அண்ணாமலயானா என்று பெயரிட்டது. அது கலப்பினம் என்பது பிறகு தெரியவந்தது. பூக்கும், ஆனால் நாற்று பிடிப்பது அரிது. படகிலிருந்தே அடையாளம் காண அனுபவம் வேண்டும்.

சவாரியின் பெரிய குறை, அது காட்டின் விளிம்பை மட்டும் காட்டுவது. சுரபுன்னை இங்கே ஓடைக்கரையோடு ஒரு பட்டையாக நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் காட்டின் பெரும்பகுதி வெண்கண்டல் என்ற இன்னொரு அலையாத்தி மரம். ஓடை ஓரம் நாள்தோறும் அலைநீர் வந்து கழுவிப் போகும். உள்ளே தள்ளிப் போகப் போக நீரோட்டம் குறைந்து மண்ணில் உப்பு ஏறும், அதை வெண்கண்டல்தான் தாங்கும். சுரபுன்னை உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடுகிறது. வெண்கண்டல் ஓரளவு உப்பை உள்ளே விட்டுப் பிறகு இலை வழியே வெளியேற்றுகிறது. மழை இல்லாத நாளில் அதன் இலையை விரலால் தடவினால் உப்புப் பொடி ஒட்டும். காட்டைப் பார்ப்பதற்கான காட்சிக் கோபுரத்தில் ஏற விட்டால் தவறாமல் ஏறுங்கள். ஓடைகளை ஒட்டிக் கரும்பச்சைக் கோடும் அதன் பின்னே வெளிறிய சாம்பல் பச்சையும் தனித்தனியாகத் தெரியும்.

சில இடங்களில் மீன் முள் வடிவில் வெட்டிய வாய்க்கால்கள் இருக்கின்றன. முன்பு காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டியதில் மண் காய்ந்து தாழ்ந்து பள்ளமானது. உள்ளே வந்த உப்புநீர் வடிய வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மட்டும் மிஞ்சியது. அங்கே நட்ட எதுவும் நிற்கவில்லை. அலைநீர் வந்து திரும்ப வாய்க்கால் வெட்டிய பிறகுதான் மரம் பிடித்தது. அலையாத்தி நடப் போகிறவர்கள் நாற்றை விட இந்த வாய்க்காலைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

நேரம் முக்கியம். நீர் வற்றியிருக்கும்போது வேர்கள் முழுதாகத் தெரியும், அவற்றின் மேல் காற்றை இழுக்கும் சிறு புள்ளிகளையும் பார்க்கலாம். ஆனால் ஆழமில்லாத ஓடைகளில் படகு தரை தட்டும். நீர் ஏறியிருந்தால் உள்ளே போகலாம், வேர் பாதி மூழ்கியிருக்கும், கிளை தலையில் இடிக்கும். நீர் இறங்கத் தொடங்கும் நேரம் இரண்டுக்கும் தோது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் படகு விடமாட்டார்கள். தை, மாசி சுகம். சனி, ஞாயிறு கூட்டத்தில் படகை நிறுத்தச் சொல்லிப் பயனில்லை.

கரைப்பக்கம் இலை சிவந்து நிற்கும் மரத்தைக் கண்டால் கிளையை ஒடிக்காதீர்கள். அது தில்லையாக இருக்கலாம், சிதம்பரம் கோயிலின் தலமரம். அதன் பால் கண்ணில் பட்டால் சிறிது காலம் பார்வையே மங்கும்; தோலில் பட்டாலும் கொப்புளிக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் ஏறுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.